காருக்குக் கரண்ட்: நள்ளிரவா, நண்பகலா?

(வடமதுரையில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



மின்சாரக் கார் பற்றிப் பேச அழைத்தார்கள். அதை வாங்குங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. வாங்காதீர்கள் என்று சொல்லவும் வரவில்லை. அந்த வேலையை ஷோரூம்காரர்களும் பெட்ரோல் பங்க்காரர்களும் பார்த்துக்கொள்வார்கள். நான் பேச வந்தது ஒரு கணக்கு. வீட்டில் சார்ஜ் போட்டால் கிலோமீட்டருக்கு என்ன செலவு? எந்த நேரத்தில் போட்டால் மலிவு? இந்த இரண்டாவது கேள்விக்கு ஊரில் எல்லோரும் ஒரே பதிலை வைத்திருக்கிறார்கள். ராத்திரி போடு, ராத்திரி கரண்ட் மலிவு என்கிறார்கள். அந்தப் பதில் எங்கிருந்து வந்தது, அது வடமதுரைக்குப் பொருந்துமா என்பதுதான் இன்றைய பேச்சு.

அந்தப் பதில் வந்தது வெளிநாட்டிலிருந்து. லண்டனில் குடியிருக்கும் நம் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். நள்ளிரவு முதல் விடிகாலை வரை காருக்குக் கரண்ட் யூனிட் 7 பென்ஸ் அளவில் கிடைக்கிறது, பகலில் அதே யூனிட் 25 பென்ஸ் என்பார்கள். மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை! கார் தானாகவே பதினொன்றரை மணிக்கு விழித்துச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும்படி செயலியில் நேரம் குறித்துவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள். பிரிட்டனில் இது நேற்று வந்த ஏற்பாடு கிடையாது. 1978-லேயே 'எக்கானமி செவன்' என்று ஒரு திட்டம் வந்தது. இரவில் ஏழு மணி நேரம் மலிவு விலை. அப்போது கார் ஏது? குளிருக்குச் சூடேற்றும் கல் அடுக்கிய ஹீட்டர்களுக்காக வந்த சலுகை அது. ஊர் தூங்கும், அணு உலை தூங்காது. தூங்காத உலையின் மின்சாரத்தை யாராவது வாங்க வேண்டுமே, அதற்குத்தான் அந்த விலை. பின்னாளில் கடல் காற்றாலைகள் வந்தன. அவையும் இரவில் நிற்பதில்லை. அந்த நாட்டுக்கு நள்ளிரவு மலிவாக இருப்பதில் நியாயம் இருக்கிறது.

நம் வீட்டுக்கு அப்படி ஒரு விலை இருக்கிறதா? உங்கள் வீட்டு மின் அட்டையை எடுத்துப் பாருங்கள். அதில் ரீடிங் இருக்கும், யூனிட் இருக்கும், தொகை இருக்கும். நேரம் இருக்குமா? இருக்காது. தமிழ்நாட்டில் வீட்டு மீட்டருக்குக் கடிகாரம் தெரியாது. நீங்கள் இரவு இரண்டு மணிக்குப் போட்டாலும், மாலை ஏழு மணிக்குப் போட்டாலும், உச்சி வெயிலில் போட்டாலும் அதற்கு யூனிட் யூனிட்தான். அது பார்ப்பது ஒன்றே ஒன்றை. இரண்டு மாதத்தில் மொத்தம் எத்தனை யூனிட் ஓடியது? எந்த ஸ்லாபுக்குப் போனது?

ஆகவே, நண்பர்களே, நள்ளிரவை விடுங்கள். முதலில் ஸ்லாபைப் பிடியுங்கள்.

2024 ஜூலையில் வந்த கட்டண ஆணையை வைத்துப் பேசுகிறேன். அடுத்த ஆண்டு ஜூலையில் மற்றவர்களுக்கு உயர்த்தியபோது வீடுகளுக்கு உயர்த்தவில்லை. முதல் 100 யூனிட் இலவசம். அது எல்லோருக்கும் தெரியும். 500 யூனிட்டைத் தாண்டாத வீடாக இருந்தால் அடுத்த 100 யூனிட்டுக்கு இரண்டரை ரூபாய்க்கும் கீழே. பிறகு 400 வரை நான்கே முக்கால் ரூபாய் அளவில். 500 வரை ஆறேகால், ஆறரை. அதைத் தாண்டிய பிறகுதான் வேடிக்கை. 600 வரை எட்டரை ரூபாய். 800 வரை ஒன்பதரை. 1000 வரை பத்தரை. அதற்கும் மேலே போனால் பதினொன்றரைக்கும் மேல். 500 என்ற அந்தக் கோட்டை நன்றாகக் கவனியுங்கள். 501-வது யூனிட் ஓடியதும், கீழே இரண்டரை ரூபாய்க்குள் இருந்த 100 யூனிட்டும் நான்கே முக்காலுக்கு ஏறிவிடும். அந்த ஒரு யூனிட்டின் விலை ஏறக்குறைய 240 ரூபாய்! மீட்டர் ரீடிங் எடுக்க இரண்டு நாள் தாமதமானால் ஊரில் ஏன் இத்தனை பேர் கொதிக்கிறார்கள் என்பது இப்போது புரிகிறதா?

இந்த ஸ்லாபில் ஒரு காரை ஏற்றிப் பார்ப்போம். வடமதுரையிலிருந்து திண்டுக்கல் போய் வேலை பார்த்துத் திரும்புகிற ஒரு குடும்பம். போய்வர நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர். மாதம் 1,000, இரண்டு மாதத்துக்கு 2,000 கிலோமீட்டர். சின்ன மின்சாரக் கார் நம் சாலையில், ஏசி போட்டு, யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் போகும் என்று வையுங்கள். விளம்பரத்தில் சொல்லும் தூரம் வேறு, திருச்சி ரோட்டில் கிடைக்கும் தூரம் வேறு. சுவரிலிருந்து எடுக்கிற கரண்ட் முழுவதும் பேட்டரிக்குப் போவதுமில்லை, பத்து சதவீதத்துக்கு மேல் சூடாகிப் போய்விடும். அதையும் சேர்த்தால் 320 யூனிட் வருகிறது.

வீட்டில் ஏற்கெனவே 400 யூனிட் ஓடுகிறது என்றால் பில் 1,200 ரூபாய்க்குப் பக்கத்தில் இருந்திருக்கும். கார் வந்ததும் 720 யூனிட். பில் 4,000 ரூபாய். பார்த்ததும் பகீர் என்றுதான் இருக்கும். வீட்டில் சண்டை வரும். கார் வாங்காதே என்று அப்பவே சொன்னேனே என்று தாத்தா ஆரம்பிப்பார். ஆனால் கணக்கைப் பிரித்துப் பாருங்கள். கூடியது 2,800 ரூபாய்க்குச் சற்று மேல். அதை 2,000 கிலோமீட்டருக்குப் பங்கிட்டால் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய் கூட இல்லை. அதே தூரத்துக்குப் பெட்ரோல் கார் என்ன கேட்கும்? லிட்டருக்கு 15 கிலோமீட்டர், லிட்டர் விலை நூறைத் தாண்டி நிற்கிறது. 13,500 ரூபாய்! எங்கே 2,800, எங்கே 13,500?

பெரிய வீடு, இரண்டு ஏசி, ஏற்கெனவே 900 யூனிட் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால்? அப்போது காரின் யூனிட் முழுவதும் மேலே உள்ள இரண்டு ஸ்லாபில் போய் உட்காரும். அப்படியும் கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 80 காசு. நெடுஞ்சாலையில் விரைவுச் சார்ஜரில் போட்டால் யூனிட் 20 ரூபாய், சில இடங்களில் அதற்கும் மேல். அங்கே கிலோமீட்டருக்கு மூன்று ரூபாய் ஆகிவிடும். வீட்டுச் சார்ஜ்தான் இந்தக் காரின் உயிர். வீட்டில் சார்ஜ் போட வழியில்லாதவர் லாபத்தில் ஒரு பெரும் பங்கை விட்டுவிட்டுத்தான் தொடங்குகிறார்.

அப்படியானால் எல்லோருக்கும் லாபமா? இல்லை. லாபம் ஓட்டத்தில்தான் இருக்கிறது. நான் சொன்ன குடும்பம் வருடத்துக்கு அறுபதாயிரத்துக்கு மேல் மிச்சம் பிடிக்கும். கார் விலையில் மூன்று, நான்கு லட்சம் கூடுதலாகக் கொடுத்திருந்தாலும் ஐந்தாறு வருடத்தில் எடுத்துவிடும். ஆனால் மாதம் 300 கிலோமீட்டர் ஓட்டுகிறவர், அதாவது ஞாயிற்றுக்கிழமை சௌந்தரராஜப் பெருமாள் கோயிலுக்கும் கல்யாண வீட்டுக்கும் மட்டும் காரை எடுக்கிறவர், வருடத்துக்குப் பத்தொன்பதாயிரம் அளவில்தான் மிச்சம் பிடிப்பார். அவருக்குக் கூடுதல் விலை திரும்பி வர இருபது வருடம் ஆகும். அதற்குள் பேட்டரிக்கும் வயதாகிவிடும், அவருக்கும் வயதாகிவிடும். அப்படிப்பட்டவர் இருக்கிற பெட்ரோல் காரைத் துடைத்து வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. வரட்டும்.

சரி, வீட்டு மீட்டருக்குக் கடிகாரம் தெரியாது என்றேன். அது எத்தனை நாளைக்கு?

நேரம் பார்த்து மின்சாரம் வாங்குவது நமக்குப் புதிதா? இந்தச் சீமையில் கிணற்று மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் பகலில் 6 மணி நேரம், இரவில் 3 மணி நேரம் என்று வந்த காலத்தை மறந்துவிட்டோமா? நடுச்சாமத்தில் டார்ச் லைட்டோடு வரப்பில் நடந்து, பாம்புக்குப் பயந்து, மடை திருப்பிய கைகள் இந்த அரங்கில் எத்தனை இருக்கின்றன! கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடட்டும் என்று ஆட்டோ ஸ்டார்ட்டர் பொருத்தி வைத்தவர்கள் நாம். லண்டன்காரர் செயலியில் செய்வதை நம் விவசாயி ரிலேயில் செய்தார்.

மில் தோழர்களைக் கேளுங்கள். வேடசந்தூர், எரியோடு, வடமதுரை என்று இந்த வட்டாரம் முழுக்க நூற்பாலைகள். உயரழுத்த இணைப்பு வைத்திருக்கும் மில்லுக்குப் பீக் அவரில் ஓடும் யூனிட்டுக்கு 25 சதவீதம் கூடுதல் கட்டணம். இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை 5 சதவீதம் தள்ளுபடி. மில் முதலாளி கடிகாரத்தைப் பார்த்துத்தான் கரண்ட் பில்லைப் படிக்கிறார். வீட்டுக்காரர் மட்டும்தான் இன்னும் படிக்கவில்லை.

படிக்க வேண்டிய நாள் வந்துகொண்டிருக்கிறது. 2023 ஜூனில் ஒன்றிய அரசு மின் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தியது. பயிர்த் தொழில் நீங்கலாக எல்லா நுகர்வோருக்கும் 2025 ஏப்ரலுக்குள் நேரவாரிக் கட்டணம் வர வேண்டும், ஸ்மார்ட் மீட்டர் பொருத்தியதும் அது நடைமுறைக்கு வர வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு ஸ்மார்ட் மீட்டர் பரவலாக வரவில்லை, ஆகவே கட்டணமும் வரவில்லை. ஆனால் அந்த விதியில் ஒரு வரி இருக்கிறது. எல்லோரும் தவற விடுகிற வரி. எந்த நேரத்தைச் சலுகை நேரம் என்கிறது தெரியுமா? இரவை அல்ல. சூரிய நேரத்தை! பகலில் சூரிய மின்சாரம் பொழியும் எட்டு மணி நேரத்துக்கு வழக்கமான விலையைவிடக் குறைந்தது 20 சதவீதம் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது.

ஏன் பகல்? அய்யலூர்த் தக்காளிச் சந்தைக்குப் போனவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வரத்து குவிந்த அன்றைக்குப் பெட்டி என்ன விலைக்குப் போகிறது? வைத்திருந்து விற்க முடியாத சரக்குக்கு, வரத்து கூடிய நேரத்தில்தான் விலை விழும். மின்சாரமும் அப்படிப்பட்ட சரக்கு. தமிழ்நாட்டுக் கூரைகளிலும் கரிசல் காடுகளிலும் பதித்த சூரியத் தகடுகள் பத்து மணி முதல் மூன்று மணி வரை கொட்டுகின்றன. மாலை ஆறு மணிக்கு அத்தனையும் ஒரே நேரத்தில் அணைகின்றன. அதே ஆறு மணிக்குத்தான் வீட்டில் விளக்கு, மின்விசிறி, டிவி, மிக்சி எல்லாம் எழுந்திருக்கின்றன. மின்சாரம் விற்கும் சந்தையில் மாலை நேரத்தில் யூனிட் விலை 10 ரூபாய் என்ற உச்சவரம்பைப் போய் முட்டுகிறது. மதியத்தில் மூன்று ரூபாய்க்கும் கீழே விழுந்த நாட்கள் உண்டு. 2024 மே 2-ஆம் தேதி தமிழ்நாட்டின் மின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அந்த வெயிலில் நம்மைக் காப்பாற்றியதில் வெயிலுக்கே பங்கு உண்டு.

ஆடி மாதத்தில் கதை கொஞ்சம் மாறும். தமிழ்நாட்டில் 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை இருக்கிறது. கயத்தாறு, முப்பந்தல், பல்லடம், கம்பம் கணவாய் எங்கும் தென்மேற்குக் காற்று வீசும்போது இரவிலும் மின்சாரம் வரும். ஆனால் அது நான்கைந்து மாதக் கதை. வெயில் நமக்குப் பன்னிரண்டு மாதக் கதை.

அடுத்த வீட்டைப் பாருங்கள். கேரளத்தில் மாதம் 250 யூனிட்டுக்கு மேல் செலவழிக்கும் வீடுகளுக்கு 2025-லிருந்து பகலில் 10 சதவீதம் குறைவு, மாலை 6 முதல் 10 வரை 25 சதவீதம் கூடுதல். கம்பம் மெட்டைத் தாண்டினால் மீட்டருக்கு நேரம் தெரிகிறது. பொது இடச் சார்ஜர்களுக்கும் இதே போக்குதான். 2024 செப்டம்பரில் வந்த ஒன்றிய அரசின் வழிகாட்டுதல், காலை 9 முதல் மாலை 4 வரை மின்சாரத்தைச் சராசரி அடக்கவிலையின் 0.7 மடங்கிலும், மற்ற நேரத்தில் 1.3 மடங்கிலும் கொடுக்கச் சொல்கிறது. ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று!

ஆக, நம் ஊருக்குச் சலுகை நேரம் என்று ஒன்று வந்தால் அது நண்பகல்தான். நள்ளிரவு பிரிட்டனுக்கு. நண்பகல் நமக்கு.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. நண்பகலில் உங்கள் கார் எங்கே நிற்கிறது? கடை வைத்திருப்பவர் கார் கடைவாசலில் நிற்கும். ஓய்வு பெற்ற ஆசிரியர் கார் வீட்டு வேப்பமரத்தடியில் நிற்கும். விவசாயி கார் தோட்டத்தில் நிற்கும். இவர்களுக்குக் கவலையில்லை. ஆனால் திண்டுக்கல்லில் வேலை பார்க்கிறவர் கார்? அலுவலகத்து மைதானத்தில், வெயிலில், சும்மா. தலைக்கு மேலே மலிவு மின்சாரம் கொட்டுகிறது, கீழே கார் காய்கிறது, இரண்டுக்கும் நடுவே ஒரு பிளக் பாயின்ட் இல்லை! ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர் ஓடுகிற காருக்கு என்ன வேண்டும்? ஆறரை யூனிட். சாதாரண 15 ஆம்பியர் பாயின்ட்டில் இரண்டரை மணி நேரம். இதற்காகப் பெரிய சார்ஜர் நிலையம் கட்ட வேண்டியதில்லை. கூரையில் சூரியத் தகடு பதித்திருக்கும் மில்களும் கல்லூரிகளும் வாகன நிறுத்தத்தில் பத்து பாயின்ட் வைத்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று சம்பளத்தில் பிடித்துக்கொண்டால் போதும்.

சொந்தக் கூரை உள்ளவர்களுக்கு இன்றைக்கே ஒரு வழி இருக்கிறது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட் தகட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். 3 கிலோவாட் தகடு நம் வெயிலில் நாளொன்றுக்கு 12 யூனிட் அளவில் தரும், இரண்டு மாதத்துக்கு 700 யூனிட். முன்பு சொன்ன குடும்பத்தின் 720 யூனிட் நினைவிருக்கிறதா? வீட்டையும் காரையும் சேர்த்து ஏறக்குறைய அத்தனையும் கழிந்துவிடும். நெட் மீட்டர் இருப்பதால் மதியம் கொடுத்த யூனிட்டை இரவில் திரும்ப வாங்கிக் கொள்ளலாம், காரும் இரவிலேயே சார்ஜ் ஆகட்டும். ஆனால் நேரவாரிக் கட்டணம் வந்த பிறகும் மதிய யூனிட்டும் இரவு யூனிட்டும் ஒன்றுக்கு ஒன்று கழியும் என்று யாரும் உங்களுக்கு எழுதித் தரமாட்டார்கள். தகடு பதிக்கும்போதே பகலில் சார்ஜ் போடும் பழக்கத்தையும் பதித்துக்கொள்வது நல்லது.

இப்போது கொஞ்சம் கண்டிப்பாகப் பேச வேண்டிய இடம். தோட்டத்தில்தான் இலவச மின்சாரம் இருக்கிறதே, மோட்டார் ரூமில் ஒரு வயரை இழுத்துக் காரைப் போட்டுவிட்டால் என்ன என்று நினைக்கிறவர் இந்த அரங்கில் ஒருவராவது இருப்பார். அய்யா, வேண்டாம்! விவசாய இணைப்பு பயிருக்கு. அதில் கார் ஏற்றினால் 2003 மின்சாரச் சட்டத்தின் 126-ஆவது பிரிவு வரும். முறைகேடான பயன்பாடு என்று கணக்கிட்டு இரு மடங்கு கட்டணம் வசூலிப்பார்கள். பணம் போவது ஒருபுறம், இலவச மின்சாரத்தையே குறை சொல்லக் காத்திருப்பவர்களுக்கு நாமே சாட்சியாகிவிடுவோம். வீட்டு இணைப்பில் போடுவதற்குத் தடையே இல்லை. இருக்கிற வீட்டு இணைப்பிலேயே, வீட்டுக் கட்டணத்திலேயே கார் சார்ஜ் செய்யலாம் என்று 2022 ஜனவரியிலேயே மின் அமைச்சகம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

வயரிங் விஷயத்திலும் கஞ்சத்தனம் வேண்டாம். அயர்ன் பாக்ஸ் பத்து நிமிடம் இழுக்கும், அணைந்துவிடும். கார் 3 கிலோவாட்டை மணிக்கணக்கில் இழுக்கும். பழைய வீட்டு வயர் அதைத் தாங்காது, பிளக் உருகும். மீட்டர் பலகையிலிருந்து தனி வயர், தனி எம்சிபி, ஆர்சிசிபி, உயிருள்ள எர்த். உப்பும் கரியும் போட்டு முப்பது வருடமாகித் தண்ணீரே காணாத எர்த் குழியை நம்பாதீர்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் காருக்குப் பக்கத்தில் கொண்டுபோகவே கூடாது. 7 கிலோவாட் சார்ஜர் வேண்டும் என்றால் மின் வாரிய அலுவலகத்தில் பளுவைக் கூட்ட விண்ணப்பியுங்கள். தெரு டிரான்ஸ்பார்மர் 63 கேவிஏ, அல்லது 100 கேவிஏ. இருபது கார் ஒன்றாக மாலை ஏழு மணிக்குச் செருகினால் 60 கிலோவாட். அன்றைக்கு அந்தத் தெருவில் மின்விசிறி சுற்றுமா? கட்டணத்தில் சலுகை இல்லாவிட்டாலும் மாலை ஆறு முதல் பத்து வரை காரைச் செருகாமல் இருப்பது பக்கத்து வீட்டாருக்குச் செய்யும் மரியாதை.

கடைசியாக ஒன்று. மின் கட்டணம் யாரோ சென்னையில் உட்கார்ந்து எழுதுவது என்று நினைக்கிறோம். ஆனால் அதை முடிவு செய்யும் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். 2022 ஆகஸ்டில் கோவையிலும் மதுரையிலும் சென்னையிலும் கேட்டது. மதுரைக்கு இங்கிருந்து பஸ் ஏறினால் இரண்டு மணி நேரம். அடுத்த கூட்டம் அறிவிக்கும்போது வடமதுரையிலிருந்து பத்துப் பேர் போவோம். வீடுகளுக்கு நேரவாரிக் கட்டணம் கொண்டுவருகிறீர்களா, கொண்டுவாருங்கள், ஆனால் மாலை அபராதத்தை மட்டும் முதலில் கொண்டுவந்துவிட்டு மதியச் சலுகையைப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லாதீர்கள் என்று கேட்போம். மதியத்தில் ஏற்றும் கார் யூனிட்டை ஸ்லாபில் சேர்க்காமல் தனிக் கணக்கில் வையுங்கள் என்று கேட்போம். ஸ்லாபும் இருந்து, நேரமும் வந்து, இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் அந்தப் பில்லை யாராலும் படிக்க முடியாது.

கேள்விகள் இருந்தால் இப்போது கேளுங்கள். மின் அட்டையோ, போனில் பழைய பில்லோ வைத்திருப்பவர்கள் முன்வரிசைக்கு வாருங்கள். உங்கள் வீடு எந்த ஸ்லாபில் நிற்கிறது என்பதைச் சேர்ந்தே பார்த்துவிடுவோம்.